ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டோம்



குறுவை நடவை முன்னிட்டு இந்த வாரம் நன்றியறிதலைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். இரண்டு மாதங்களாக என் மனச்சாட்சியை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை முதலில் உங்கள் முன் வைக்க வேண்டியிருக்கிறது. இதில் உங்களில் சிலரோடு எனக்கு வழக்கு உண்டு. அதைவிடப் பெரிய வழக்கு என்னோடேயே உண்டு.

கடந்த மே மாதம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் பணிக்கு நேர்காணல் நடந்தது. தேர்வுக் குழுவில் ஐந்து பேர். அவர்களில் நானும் ஒருவன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி வந்திருந்தார். முதுகலைக் கணிதம், கல்வியியல் பட்டம் இரண்டும் முடித்தவர். மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னோம். பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்பதை, ஒரு மா நிலத்தை அண்ணன் தம்பி பங்கு பிரிப்பதாக வைத்துக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். எனக்குக் கணக்கு என்றால் இன்றும் சற்று நடுக்கம்தான். அந்தப் பத்து நிமிடத்தில், ஆறாம் வகுப்பில் எனக்குப் புரியாமற்போனது புரிந்தது.

எழுதுவதற்காகக் கையை உயர்த்தியபோது சேலையின் கைப்பகுதி சரிந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே நீலமும் பச்சையுமாக இரண்டு சொற்கள் தெரிந்தன. வகுப்பு முடிந்ததும் குழுவின் மூத்தவர் ஒருவர், "அது என்னம்மா கையில்?" என்று கேட்டார். "என் அப்பாவின் கையெழுத்து, ஐயா" என்றார் அந்தச் சகோதரி. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தென்னை விவசாயி. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் அவருடைய தோப்பைச் சாய்த்துப்போட்டது. மறுவருடம் அவரும் மரித்துப்போனார். அவர் தடுமாறாமல் எழுதிய ஒரே எழுத்து, மகளின் மதிப்பெண் அட்டையில் இட்ட கையொப்பம். அந்த அட்டையைத் திருச்சியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், அதே கோணல்மாணலோடு தன் கையில் குத்தச் சொல்லியிருக்கிறார்.

அறையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மற்றொருவர், அந்தச் சகோதரியின் காது மேல்மடலில் இருந்த சிறு வளையத்தைக் காட்டி, "இதெல்லாம் பிள்ளைகள் பார்ப்பார்களே" என்றார். அவர் வெளியே சென்றபின் முதல்வர் ஆசனத்தருகே இருந்த வேதாகமம் திறக்கப்பட்டது. லேவியராகமம் 19:28. மரித்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்வதும், உடலில் எழுத்துக்களைக் குத்திக்கொள்வதும் அங்கே விலக்கப்பட்டிருக்கின்றன. "மரித்தவருக்காகத்தானே குத்தியிருக்கிறாள்? இதைவிடத் தெளிவாக வேதம் எப்படிச் சொல்லும்?" என்று கேட்டார் மூத்தவர். வேறொருவர் தெரிவு செய்யப்பட்டார். வேதசாஸ்திரம் படித்தவன் என்று அந்தக் குழுவில் எனக்கு இடம் கொடுத்திருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன்.

அந்த வசனம் கடினமான வசனம். அதை ஊதித் தள்ளிவிட நான் வரவில்லை. அதில் "குத்திய எழுத்து" என்பதற்கு வரும் எபிரேயச் சொல் வேதாகமம் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. ஆகவே அதன் பொருளைச் சுற்றியுள்ள வசனங்களிலிருந்துதான் அறிய வேண்டும். சுற்றிலும் இருப்பவை குறிசொல்லுதல், நாள் பார்த்தல், இரத்தத்தோடு புசித்தல், செத்தவர்களின் ஆவிகளை விசாரித்தல். கானானியர் துக்கத்தில் தேகத்தைக் கிழித்துக்கொண்டார்கள்; கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் செய்ததும் அதுவே. அடிமையின் உடலில் எஜமானின் பெயரையோ கோவிலின் பெயரையோ பொறிப்பது அக்கால எகிப்திலும் பாபிலோனிலும் வழக்கம். எகிப்திலிருந்து மீட்கப்பட்ட ஜனங்களுக்குக் கர்த்தர் சொல்வது இதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்: உங்கள் தேகம் செத்தவர்களுக்கும் சொந்தமில்லை, எஜமான்களுக்கும் சொந்தமில்லை. மதுரை அரசரடியில் படித்த நாட்களிலேயே எனக்கு இது தெரியும். தெரிந்தும் மே மாதத்தில் மௌனமாயிருந்தேன்.

ஒரு மகள் தன் தகப்பனின் கையொப்பத்தைக் கையில் வைத்துக்கொள்வது பாகாலின் ஊழியமா? என் ஆலோசனையைக் கேட்டிருந்தால், வேண்டாம் மகளே, அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆலோசனை சொல்வது ஒன்று. பிழைப்பை மறுப்பது வேறொன்று.

மரித்தவர்களுக்காக எழுதக்கூடாது என்றால், வரும் ஞாயிறு ஆலயத்துக்கு வந்ததும் சற்று அண்ணாந்து பாருங்கள். மின்விசிறியின் இறக்கையில் யாருடைய பெயர்? குழல்விளக்கின் சட்டத்தில், பெஞ்சின் முதுகில், பலிபீடத்துக்குப் போகும் படியின் சலவைக்கல்லில்? வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு "நினைவாக, நினைவாக" என்று எழுதி வைத்திருக்கிறோம். நம் மரித்தவர்களைத் தேவனுடைய வீட்டின் சுவரில் பச்சை குத்தியிருக்கிறோம். அதற்கு வசனம் எடுத்தவர் எவரும் இல்லை. காசுள்ளவன் துக்கத்தைக் கல்லில் வெட்டினான். காசில்லாத பிள்ளை தோலில் எழுதிக்கொண்டது.

இனி அந்த அதிகாரத்துக்கு வருவோம். 28-ஆம் வசனத்தைத் திறந்தவர்கள் ஒரு பக்கம் முன்னே புரட்டியிருந்தால் 9-ஆம் வசனத்தில் நின்றிருப்பார்கள். வயலை அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது அது. நாம் நெல் விளையும் பூமியில் வாழ்கிறவர்கள். இந்த வசனம் நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. இன்று அறுவடை இயந்திரம் வரப்போரம்வரை வழித்துக்கொண்டு போகிறது. கதிர் பொறுக்க வந்த கிழவிகள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்டதுண்டா? நம் சபையில் நிலமுள்ளவர்கள் உண்டு. 9-ஆம் வசனத்தை மீறியதற்காக எவரையும் எந்தக் குழுவும் விலக்கியதாக எனக்கு நினைவில்லை.

13-ஆம் வசனம் கூலியைப் பற்றியது. கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கியிருக்கக் கூடாது. நம் மாவட்டத்தில் ஆசிரியர்கள் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு வேறொரு தொகையை வாங்கிச் செல்லும் பள்ளிகள் உண்டு. மே மாதத்துக்குச் சம்பளமே தராத பள்ளிகளும் உண்டு. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பணி நியமனத்துக்கு "நன்கொடை" என்ற பெயரில் என்ன கைமாறுகிறது என்பதும் தெரியும். 35-ஆம் வசனம் கள்ளத்தராசைப் பற்றிப் பேசுகிறது. 16-ஆம் வசனம் கோள் சொல்லித் திரிவதைப் பற்றியது. அதைப் பற்றி ஞாயிறு ஆராதனைக்குப் பின் வேப்பமரத்தடியில் நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். 27-ஆம் வசனம் தாடியின் ஓரங்களை மழிக்க வேண்டாம் என்கிறது. 28-ஐ வாசித்துக் காட்டிய சகோதரர் அன்று காலை வழுவழுவென்று முகம் மழித்து வந்திருந்தார். ஒரு வசனத்துக்கு மேலே அவருடைய கண் போகவில்லை.

ஆனாலும், உண்மையைச் சொன்னால், நம்மை உறுத்தியது அந்த வசனம் என்று நான் நம்பவில்லை. வசனம் பிறகு தேடப்பட்டது. முகச்சுளிப்பு முதலில் வந்தது. அந்த முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதை என் வீட்டுக் கதையிலிருந்துதான் என்னால் சொல்ல முடியும்.

என் அப்பாயி நடவாள். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே வயலில் இறங்கியவர். அவருடைய இரண்டு முன்கைகளிலும் பச்சை உண்டு. வலதில் புள்ளிக்கோலம், இடதில் ஒரு தேள். அறுவடை முடிந்து களத்தில் நெல் இருக்கும் நாட்களில் பச்சை குத்தும் குறத்தி ஊருக்கு வருவாளாம். கூலியாக நெல் அளந்து கொடுப்பார்களாம். அவர்கள் மை செய்யும் விதத்தை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம்முடைய ஏழு தொகுதி நூலில் பதிந்திருக்கிறார்: மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் சேர்த்துத் துணியில் சுற்றித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அப்பாயிக்கு அந்த நூல் தெரியாது. ஆனால் அகத்திக்கீரை ஆயும்போதெல்லாம் தேளைத் தடவிக்கொண்டு, "நகை இருந்தா அடகுக்குப் போவும், இது எங்கய்யா போவும்? எங்கூடத்தான் குழிக்கு வரும்" என்பார். பொன் வாங்க வழியில்லாத பெண்களின் நகை அது. வட்டிக்கடைக்காரனால் தொட முடியாத நகை.

அவர் ஞானஸ்நானம் பெற்றபின் கோவிலுக்கு மட்டும் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனார். எவரும் கட்டளையிட்டதாக அவர் சொன்னதில்லை. பார்வைகள் போதுமாயிருந்தன.

நான் குருப்பட்டம் பெற்ற நாளில் குடும்பமாகப் படம் எடுத்தார்கள். எண்பதை நெருங்கிய அப்பாயி என் பக்கத்தில் உட்கார்ந்து, தம் கையை என் வெள்ளை அங்கியின் மேல் வைத்தார். வெயிலுக்காக அன்று அரைக்கை ரவிக்கை. நான் குனிந்து, "அப்பாயி, முந்தானையைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கோ" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இழுத்து விட்டுக்கொண்டார். அந்தப் படம் என் படிப்பறையில் தொங்குகிறது. கை தெரியவில்லை.

ஆகவே நாற்பதைத் தாண்டிய நமக்குப் பச்சை என்றவுடன் எழும் அருவருப்பை நான் பரிசுத்தம் என்று அழைக்க மறுக்கிறேன். அது சேற்றின் ஞாபகம். கூலி வீட்டிலிருந்து படித்து வெளியே வந்தவர்கள், தாயின் கையில் இருந்த எழுத்தை உலகம் பார்த்துவிடக் கூடாதே என்று கூசிய கூச்சம். வெள்ளையர் ஆட்சியில் குற்றவாளிகளின் நெற்றியில் பச்சை குத்தும் தண்டனையும் இருந்தது. அது 1849-இல்தான் ஒழிந்தது. எளியவனின் உடலிலும் கைதியின் உடலிலும் கண்ட அந்த எழுத்து, கண்ணியமான வீட்டுக்கு ஆகாது என்று நம் தலைமுறை கற்றுக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை; அவர்கள் சேற்றில் நின்றதில்லை. பாட்டியின் கை அவர்களுக்கு அழகாகத் தெரிகிறது. நாம் மறைத்ததை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதில் கோபம் வருவது இயற்கை. அந்தக் கோபத்துக்கு மோசேயைச் சாட்சிக்கு அழைப்பதுதான் தவறு.

பெரியவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1970-களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கட்சியின் அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். குத்திக்கொண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்; முழுக்கைச் சட்டையைப் பொத்தானிட்டுக்கொண்டு முன்வரிசையில் அமர்கிறார்கள். அவர்களை யாரும் வேலையிலிருந்து விலக்கவில்லை. நானும் இப்போது பெயர் சொல்லப் போவதில்லை.

காது வளையத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டன்மார் கடுக்கன் போட்டவர்கள். ஆரோனிடம் கழற்றிக் கொடுக்கப்பட்ட பொன் வளையங்கள் மனைவியரின் காதுகளில் மட்டுமல்ல, குமாரரின் காதுகளிலும் இருந்தன என்று யாத்திராகமம் 32 சொல்கிறது. எலியேசர் ரெபெக்காளுக்குக் கொடுத்த பொன்னணியை அவள் மூக்கிலே இட்டதாக ஆதியாகமம் 24:47 மூல மொழியில் சொல்கிறது. விடுதலை வேண்டாம், எஜமானிடமே இருப்பேன் என்ற வேலைக்காரனைக் கதவோரம் நிறுத்திக் காதைக் கம்பியினால் குத்த வேண்டும் என்கிறது யாத்திராகமம் 21. அங்கே துளைத்த காதுதான் வேலையின் முத்திரை. ஒரு துளை தகுமாம், மேலே இரண்டாவது துளை தகாதாம். அந்த எல்லைக்கோட்டை எந்த அதிகாரத்தில் கண்டோம்?

இந்தச் சண்டை நம் ஊருக்குப் புதிதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்தில், 1820-களில், புதிதாக வந்த இளம் மிஷனரிமார் கல்யாணத்திலும் அடக்கத்திலும் பூச்சூடலை விலக்கினார்கள், தமிழ்ப் பாடல்களைக் கோவிலிலிருந்து அகற்றப் பார்த்தார்கள். சாஸ்திரியார் கொதித்து எழுதினார். வெளித்தோற்றத்தைக் கொண்டு விசுவாசத்தை அளக்கப் புறப்பட்டவர்களை எதிர்த்தவரை அவருடைய எழுத்து நம் பக்கம் நிற்கிறது. அவர் பாடல்களை இன்றும் பாடுகிறோம். விலக்கியவர்களின் பெயர்கள் மறந்துபோயின. ஆனால் அதே எழுத்தில், அதே கொதிப்போடு, பந்தியிலும் ஆலயத்திலும் சாதிப் பிரிவு நிலைக்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார். பூவையும் சாதியையும் ஒரே கூடையில் வைத்தார். அந்தக் கூடை இன்னும் நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலையிடத்துக்கு ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அரிசி ஆலையில் ஓடும் பட்டைக்கு அருகே தொங்கும் வளையத்தோடு ஒருவன் நிற்கக் கூடாது. அறுவைக் கூடத்தில் நகை கூடாது. பகையைத் தூண்டும் சொல்லையோ ஆபாசத்தையோ உடலில் எழுதிக்கொண்டு ஒருவர் குழந்தைகள் முன் நிற்கக் கூடாது. அந்த விதிகளுக்கெல்லாம் காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் பிள்ளைகளும் கேட்பார்கள். அந்த மே மாத அறையில் நாம் சொன்ன காரணம், "பிள்ளைகள் பார்ப்பார்களே" என்பது. பார்த்தால் என்ன ஆகும்? தகப்பனை நேசித்த ஒரு மகளைப் பார்ப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில், 1860 முதல் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியில் வந்த ஒரு மாணவி, டர்பனிலுள்ள தன் பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து சென்றாள். கழற்று என்றது பள்ளி. தாய் வழக்காடினார். 2007-இல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. மூக்குத்தியை அனுமதித்தால் பள்ளியின் ஒழுக்கம் குலையும் என்பதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்று நீதிபதிகள் கண்டார்கள். விதியைத் திருத்தும்படி பள்ளிக்கு உத்தரவிட்டார்கள். அந்நிய தேசத்து நீதிமன்றம் கேட்ட அந்தக் கேள்வியை, ஜெபித்துத் தொடங்கிய நம் குழு கேட்கவில்லை.

இளைஞர்களே, நீங்கள் தலையாட்டிக்கொண்டு வாசிப்பது எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் பங்கு உண்டு. ஒரத்தநாட்டுச் சாலையிலும் பட்டுக்கோட்டைச் சாலையிலும் விடியுமுன் ஓடிப் பயிற்சி எடுக்கிறீர்கள். துணை ராணுவப் படைகளுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். சல்யூட் அடிக்கும் வலது கையில் பச்சை கூடாது, இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ மட்டும் குத்தலாம், அதுவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் விதி. 2022-இல் வலது கையிலிருந்த மத அடையாளத்துக்காக மருத்துவத் தேர்வில் நிராகரிக்கப்பட்ட ஓர் இளைஞர் டெல்லி உயர்நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த விதி சரியா தவறா என்று பிறகு வாதிடலாம். அது இருக்கிறது என்று தெரியாமல், திருவிழாவில் நண்பன் காசு கொடுத்தான் என்று வலது கையில் குத்திக்கொண்டு வந்து, போதகரே சிபாரிசு செய்யுங்கள் என்று என் வாசலில் நிற்காதீர்கள். இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவனுடைய கையில் இருந்த பெயருக்குரிய பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஊசி புதிதா என்று பார்க்காமல் குத்திக்கொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். ஏசாயா 49-இல் கர்த்தர் உள்ளங்கையில் வரைந்திருக்கிறார் என்பதை டாட்டூ கடைக்கு வேத ஆதாரமாக என்னிடம் கொண்டுவருகிறீர்கள். அது தாய் மறந்தாலும் மறவாத அன்பைச் சொல்லும் உவமை. கடைக்கு அனுமதிச் சீட்டு அல்ல.

எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறம் சிறு சிலுவையைக் குத்திக்கொள்கிறார்கள், சிறு குழந்தைகளுக்கும்கூட. அந்தச் சிலுவையினால் அவர்களுக்கு வேலை மறுக்கப்படலாம், அதைவிடக் கொடியதும் நேரலாம். தெரிந்தே குத்திக்கொள்கிறார்கள். உங்கள் கையில் இருப்பதற்கு என்ன விலை கொடுக்க ஆயத்தமாயிருக்கிறீர்கள் என்று மட்டும் உங்களைக் கேட்கிறேன். லேவியராகமம் 19-இல் 32-ஆம் வசனமும் உண்டு: நரைத்த தலைக்கு முன்பாக எழுந்து நில்லுங்கள். (2022-இல் நம் நாட்டு விமான நிறுவனம் ஒன்று, விமானப் பணியாளர் நரைமுடியோடு வரக்கூடாது, சாயமிட வேண்டும் என்று விதித்ததை நாளிதழில் வாசித்தபோது, வேலையிடத்தில் இளைஞரின் பச்சைக்கும் முதியவரின் நரைக்கும் ஒரே கதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.)

இப்போது அந்தக் கூடைக்கு வருகிறேன். அந்த நேர்காணலில் நான் இதுவரை உங்களுக்குச் சொல்லாத ஒன்று நடந்தது. கையொப்பத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, மாதிரி வகுப்புக்கும் முன்பே, அந்தச் சகோதரியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "எந்தத் தெரும்மா?" நம் டெல்டா கிராமங்களில் தெருவின் பெயரைக் கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதிலைக் கேட்டபின் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே பச்சைதான் காரணமா, பச்சை ஒரு சாக்கா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டியபின், அரசு நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழுவை நியமித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் வேண்டாம் என்று 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். பிள்ளைகளின் மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறோம். தேர்வுக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் நாவில் கட்டியிருக்கும் கயிற்றை யார் அவிழ்ப்பது? குறத்தி குத்திய பச்சைகூட உடலோடு குழிக்குள் போய்விடும். இது பேரப்பிள்ளைக்கும் தொடர்கிறது.

சென்ற வாரம் அந்தச் சகோதரியைத் தொலைபேசியில் அழைத்தேன். திருச்சியில் ஒரு தனிப்பயிற்சி மையத்தில் வகுப்பு எடுக்கிறாராம். நான் அன்று பேசாதிருந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க ஐயா" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பின்னம் வந்திடுச்சுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கோவிலுக்குப் போகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

அதே பள்ளியில் வேதியியல் பணியிடம் ஒன்று காலியாகியிருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் நேர்காணல். தெருவின் பெயரையும் பச்சையையும் காது வளையத்தையும் பற்றிய கேள்விகள் அங்கே கேட்கப்படக் கூடாது என்று குழுவுக்கு எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். கேட்கப்பட்டால் என் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதியச் சொல்வேன். பதிய மறுத்தால் குழுவிலிருந்து விலகி, ஏன் விலகினேன் என்பதை ஞாயிறு அறிவிப்புகளோடு வாசிப்பேன். குழுவிலுள்ள நம் சபையார் இருவருக்கும் இது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

இதில் எனக்கு மாறுபடுகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பாடகர் குழுப் பயிற்சி முடிந்தபின் போதகர் இல்லத்துக்கு வரலாம். தேநீர் உண்டு. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் 37 வசனங்கள் உள்ளன. முழுவதையும் வாசித்துவிட்டு வாருங்கள். அப்பாயியின் படமும் அந்த அறையில்தான் இருக்கிறது.